பெயரைக் காப்பதும் பெயரைக் கழுவுவதும்

(இரும்பையில், சுற்றுவட்டார விடுதி, உணவகம், கைவினைக் கடை நடத்துவோரும் மரக்காணம் உப்பு வியாபாரிகளும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டில் இறங்கி இங்கே வரும்போது மாகாளேஸ்வரர் கோயில் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் 32இல் ஒன்று. மூன்றாகப் பிளந்த லிங்கத்தைச் செப்புத் தகடு போட்டுச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அது பிளந்த கதை இங்கே இருக்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் ஒருமுறை சொல்கிறேன். இன்றைக்கு நான் பேச வந்த விஷயத்துக்கு அதைவிடப் பொருத்தமான கதை எனக்குக் கிடைக்கவில்லை.

கடுவெளிச் சித்தர் அரச மரத்தடியில் தவத்தில் இருக்கிறார். ஊரில் மழை இல்லை. சித்தரின் தவச்சூடுதான் காரணம் என்று அரசனுக்குச் சந்தேகம். வள்ளி என்கிற ஆடல் மகள் ஒரு வழி கண்டுபிடிக்கிறாள். உதிர்கிற அரச இலையைக் கை நீட்டி வாங்கித் தின்கிற சித்தரின் கையில் இலைக்குப் பதிலாக அப்பளத்தை வைக்கிறாள். உப்பும் உறைப்பும் நாக்கில் பட, கொஞ்சம் கொஞ்சமாகத் தவம் கலைகிறது. மழை பெய்கிறது. கோயிலில் விழா, வள்ளியின் ஆட்டம். ஆடும்போது கால் சலங்கை கழன்று விழுகிறது. தாளம் கெடக் கூடாதே என்று சித்தர் அதை எடுத்து அவள் காலில் மாட்டிவிடுகிறார். கூட்டம் கைகொட்டிச் சிரிக்கிறது. சித்தருக்கு வந்த கோபத்தில் அவர் பாடிய பாட்டில் லிங்கம் மூன்றாகிறது.

சலங்கை மாட்டிய கணம் மட்டும்தான் கூட்டத்தின் கண்ணில் பட்டது. அதற்கு முன்னால் இருந்த தவமும் மழையும் படவில்லை. இன்றைய பேச்சில் இதற்கு ஸ்க்ரீன்ஷாட் என்று பெயர். முன்னும் பின்னும் வெட்டப்பட்ட ஒரு கணம் ஊரெல்லாம் சுற்றும். சித்தர் செய்ததற்கும் ஒரு பெயர் இருக்கிறது, ஓவர்ரியாக்‌ஷன். இழப்பு எங்கே விழுந்தது என்று பாருங்கள். சிரித்தவன் வீட்டுக்குப் போய்விட்டான், உடைந்தது நம் கோயில் லிங்கம்.

ஆன்லைன் ரெப்யூடேஷன் மேனேஜ்மென்ட், சுருக்கமாக ஓ.ஆர்.எம். என்று ஒரு தொழில் இருக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் இதற்கென்றே அலுவலகங்கள் நடத்துகிறார்கள். உங்களில் சிலரிடமும் வந்து, மாதம் இவ்வளவு கொடுங்கள், உங்கள் விடுதிப் பெயரைப் பளபளவென்று ஆக்கிவிடுகிறோம் என்று பேசியிருப்பார்கள். அவர்கள் வாயில் சில சொற்கள் சரளமாகப் புழங்கும். அந்தச் சொற்களுக்குப் பின்னால் என்ன வேலை நடக்கிறது, எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவற்றில் பதில் சொல்லக் கற்றுத்தருகிற சொற்கள் கொஞ்சம், மறைக்கக் கற்றுத்தருகிறவை நிறைய. முதல் வகைதான் உங்களுக்கு வேண்டியது. அதற்குப் பெரும்பாலும் காசே வேண்டாம்.

முதலில் பிராண்ட். நம்மிடம் ஏது பிராண்ட், அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரர்கள் விவகாரம் என்று உப்புக்காரர்கள் நினைக்கலாம். மரக்காணத்தில் பாத்தி கட்டி, வெயிலில் நின்று வாரி, அம்பாரம் போட்டு, மூட்டை பிடித்து லாரியில் ஏற்றுவதோடு உங்கள் கணக்கு முடிகிறது. அந்த உப்பு வேறெங்கோ பாக்கெட்டுக்குள் போய் வேறொருவர் பெயரில் கடைக்கு வருகிறது. பெயர் இல்லாத சரக்குக்குக் கெடுவதற்கு ஒன்றும் இல்லை, உண்மைதான். விலை கேட்பதற்கும் அதனிடம் ஒன்றும் இல்லை.

பெயர் இருந்தால் என்ன பாடு என்பதற்கு உப்பிலேயே உதாரணம் இருக்கிறது. 2019இல் நாட்டின் பெரிய பாக்கெட் உப்புகளில் பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு அளவுக்கு மேல் இருக்கிறது என்று ஒரு குற்றச்சாட்டு கிளம்பியது. உப்பு கட்டிதட்டாமல் இருக்கச் சேர்க்கிற பொருள் அது. கிலோவுக்கு 10 மில்லிகிராம் வரை சேர்க்க நம் உணவுப் பாதுகாப்பு விதிகளே அனுமதிக்கின்றன. ஆனால் வாட்ஸ்அப்பில் மில்லிகிராமை யார் படித்தார்கள்? பெயரின் வாலில் இருக்கிற ‘சயனைடு’ ஒன்றே போதுமானதாக இருந்தது. டாடா சால்ட் போன்ற பெயர்பெற்ற கம்பெனிகள் எங்கள் உப்பு விதிக்கு உட்பட்டதுதான் என்று விளக்கம் மேல் விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. சாக்கு மூட்டை உப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாளைக்கே ‘மரக்காணம் உப்பு’ என்று நீங்கள் பாக்கெட் போட்டால் இந்தத் தலைவலி உங்களையும் தேடி வரும். வரட்டும். அது வருகிற அளவுக்கு ஒரு பெயர் இருந்தால் நல்லதுதானே?

இந்தப் பக்கத்து விடுதிக்காரர்களுக்கு வேறொரு சிக்கல். ஆரோவில் 1968 பிப்ரவரி 28இல் தொடங்கிய நகரம். அதன் பெயரில் பாதியைக் கடன் வாங்கி ‘ஆரோ’ என்று தொடங்கும் பலகைகள் இந்தச் சாலைகளில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கடன் வாங்கிய பெயரோடு அதன் சண்டை சச்சரவும் சேர்ந்து வரும். அங்கே ஒரு தகராறு செய்தியானால் இங்கே உங்கள் முன்பதிவு ரத்தாகும்.

அடுத்து மென்ஷன், லிசனிங் என்பார்கள். உங்கள் பெயரை யார், எங்கே, எப்போது சொன்னார்கள் என்று தேடிச் சேர்ப்பதுதான் அது. சிறு தொழிலுக்கு இதற்கு மென்பொருள் வாங்கத் தேவையில்லை. கூகுள் அலர்ட் என்று ஒரு இலவச வசதி இருக்கிறது, கடைப் பெயரை அதில் போட்டு வையுங்கள். தமிழிலும் போடுங்கள், ஆங்கிலத்திலும் போடுங்கள், தப்பான எழுத்துக்கூட்டலிலும் போடுங்கள். இரும்பை என்பதை வெளியூர்க்காரர் எத்தனை விதமாக எழுதுவார் என்பது உங்களுக்கே தெரியும்.

சென்டிமென்ட் என்பது இன்னொரு சொல். அம்மா சென்டிமென்ட் இல்லை. வந்த பேச்சையெல்லாம் கணினியிடம் கொடுத்து, பாராட்டு இவ்வளவு, திட்டு இவ்வளவு, இரண்டும் இல்லாதது இவ்வளவு என்று வண்ண வண்ணமாக வரைந்து தருவார்கள். இதை ரொம்ப நம்பாதீர்கள். ‘சூப்பர் சர்வீஸ், மூணு மணி நேரம் காத்திருந்தோம், சாம்பார் ஜில்லுன்னு வந்துச்சு, வாழ்க வளமுடன்’ என்று ஒருவர் எழுதுகிறார். நமக்குப் படித்தவுடன் முகம் சுருங்குகிறது. கணினிக்கோ சூப்பர் ஒரு மதிப்பெண், வாழ்க ஒரு மதிப்பெண், பச்சை வண்ணத்தில் போட்டுவிடும். தமிழன் திட்டுகிறபோதுதான் மரியாதையாகப் பேசுவான் என்பதை எந்தக் கருவிக்கும் முழுசாகச் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. அதிலும் பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். உங்கள் கடைக்கு வருகிற ரெவ்யூ மாதம் இருபதோ முப்பதோ இருக்கும். நீங்களே உட்கார்ந்து படியுங்கள்.

இனி பெரிய வழக்கு ஒன்றைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். 2021 அக்டோபர். தமிழ்நாட்டில் ஒருவர் சொமேட்டோவில் சாப்பாடு வாங்குகிறார். ஒரு பண்டம் குறைகிறது. பணத்தைத் திருப்பிக் கேட்டு அரட்டைப் பெட்டியில் எழுதுகிறார். உணவகத்தோடு பேச மொழி தடையாக இருக்கிறது என்று வாடிக்கையாளர் சேவையிலிருந்து பதில் வருகிறது. தமிழ்நாட்டில் தொழில் செய்தால் தமிழ் தெரிந்தவரை வைத்திருக்க வேண்டாமா என்று இவர் கேட்கிறார். அதற்கு, இந்தி நம் தேசிய மொழி, எல்லோரும் கொஞ்சமாவது தெரிந்துவைத்திருப்பது சகஜம் என்ற பொருளில் பதில். அவர் அதை அப்படியே படம் பிடித்து ட்விட்டரில் போட்டார். ‘ரிஜெக்ட் சொமேட்டோ’ என்ற ஹேஷ்டேக் நாடு முழுக்க ஓடியது.

முதலில் இருந்தது காணாமல்போன ஒரு பண்டத்தின் விலை. அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. எஸ்கலேஷன் என்பார்களே, இதுதான் அது. சின்னப் புகார் தனக்குச் சம்பந்தமில்லாத ஒரு பெரிய புண்ணின் மேல் போய்ப் பட்டுவிடுகிறது. 1938இலிருந்தும் 1965இலிருந்தும் இந்தி எதிர்ப்பைப் பாட்டன் பாட்டி வழியாகக் கேட்டு வளர்ந்த மாநிலத்தில், அரசியலமைப்பில் தேசிய மொழி என்று ஒன்றே இல்லாத நாட்டில், அந்த ஒரு வாக்கியம் போதும். ஊர் தெரியாதவனை அந்த ஊருக்குப் பதில் சொல்ல உட்கார வைத்ததுதான் அங்கே நடந்த தவறு.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். அக்டோபர் 19ஆம் தேதி, அதாவது மறுநாளே, கம்பெனி ‘வணக்கம் தமிழ்நாடு’ என்று தொடங்கித் தமிழிலும் ஆங்கிலத்திலும் கடிதம் வெளியிட்டது. மன்னிப்புக் கேட்டது. செயலியின் தமிழ் வடிவம் தயாராகிறது என்றது, கோயம்புத்தூரில் தமிழ்ச் சேவை மையம் அமைப்பதாகச் சொன்னது, அந்த ஊழியரைப் பணிநீக்கம் செய்ததாகவும் சொன்னது. வேகம் இருந்தது, மொழி இருந்தது, செய்யப்போவது என்ன என்பதும் இருந்தது. இந்தத் துறையில் ரெஸ்பான்ஸ் டைம், அதாவது புகாருக்கும் பதிலுக்கும் நடுவில் ஓடுகிற நேரம் என்று ஒன்றை அளப்பார்கள். அந்தக் கணக்கில் கம்பெனி நன்றாகவே தேறியது.

சில மணி நேரம்தான். கம்பெனியின் நிறுவனர் தீபிந்தர் கோயல் தன் கணக்கிலிருந்து எழுதினார்: சேவை மையத்தில் ஒருவர் அறியாமல் செய்த பிழை தேசியப் பிரச்சினை ஆகிவிட்டது, நம் நாட்டில் சகிப்புத்தன்மை இன்னும் வளர வேண்டும் என்று. ஊழியரையும் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்வதாக அறிவித்தார். மறுபடியும் பற்றிக்கொண்டது.

ஊழியரைத் திரும்ப எடுத்தது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. கேள்வித்தாளையே கொடுக்காமல் தேர்வெழுத வைத்துவிட்டு, தோற்றவரை வீட்டுக்கு அனுப்புவது நியாயமில்லை. நீக்கியதுதான் அவசரம். ஆனால் காலையில் உங்களிடம் மன்னிப்புக் கேட்ட வாய், மாலையில் உங்களுக்குப் பொறுமை போதாது என்று சொன்னால் காலையில் கேட்ட மன்னிப்பு யாருடையது என்று கேட்கத் தோன்றுமா இல்லையா? ஒரு கடைக்கு ஒரு குரல் என்பார்கள். உங்கள் வீட்டிலும் இதே கதைதான். ரிசப்ஷனில் இருக்கிற பெண் விருந்தினரிடம் மன்னிப்புக் கேட்டிருப்பாள், ராத்திரி முதலாளியின் மகன் அதே ரெவ்யூவுக்குக் கீழே சண்டை போட்டிருப்பான். பதில் எழுதுகிறவர் ஒருவராக இருக்கட்டும். கோபம் வருகிற ஆளாக அவர் இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.

வேகம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மேகி இருக்கிறது. 2015 மே மாதம் ஈயம், அஜினமோட்டோ என்று செய்தி பரவியபோது நெஸ்லே பல நாள் பெரிதாக வாய் திறக்கவில்லை. ஜூன் 4இல் தமிழ்நாடு மூன்று மாதத் தடை போட்டது. அடுத்த நாள் நாடு முழுவதற்கும் ஆணை வந்தது. ஆகஸ்ட் 13இல் மும்பை உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது, நவம்பரில் மேகி கடைக்குத் திரும்பியது. நீதிமன்றத்தில் ஜெயிக்கிற அளவுக்குக் கையில் வாதம் இருந்தும், முதல் வாரத்தில் அதை ஒரு சாதாரண அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்ல ஆளில்லை.

உங்கள் அன்றாடப் பாடு ஸ்டாரும் ரெவ்யூவும்தான். கூகுள் வரைபடத்தில் உங்கள் விடுதிக்கு ஒரு பக்கம் ஏற்கெனவே இருக்கும், நீங்கள் போட்டிருக்காவிட்டாலும் யாராவது போட்டிருப்பார்கள். அதை உங்களுடையது என்று பதிந்து கையில் எடுப்பதற்குக் கிளெய்ம் செய்வது என்று பெயர். காசில்லை. அதைச் செய்யாதவர்களின் பக்கத்தில் போன் நம்பரைக்கூட அடுத்தவர் மாற்றச் சொல்லி எழுதிப்போட முடியும்.

ஒரு ரெவ்யூவை எடுத்துக்கொள்வோம், கற்பனைதான். ‘இரண்டு ஸ்டார். அறை சுத்தமாக இருந்தது. சாயங்காலம் கரண்ட் போனது, இன்வெர்ட்டர் ஓடவில்லை. ஓனருக்கு நாலு தடவை போன் போட்டோம், எடுக்கவில்லை. குழந்தையை வைத்துக்கொண்டு கஷ்டப்பட்டோம்.’

இதற்கு வழக்கமாக இரண்டு விதமான பதிலைப் பார்க்கிறேன். ஒன்று, ‘டியர் கெஸ்ட், வி ரிக்ரெட் தி இன்கன்வீனியன்ஸ்’ என்று எல்லோருக்கும் ஒரே அச்சுப் பதில். இன்னொன்று, ‘நீங்கள் 900 ரூபாய்க்குப் பேரம் பேசி வந்தவர், நாலு பேர் என்று சொல்லிவிட்டு ஆறு பேர் தங்கினீர்கள்’ என்று வந்தவரின் கணக்குவழக்கைச் சந்தியில் போடுவது. இரண்டாவது ஆசாமி தான் ஜெயித்துவிட்டதாக நினைப்பார். படிக்கிற அடுத்த விருந்தினர், நாளைக்கு என் விவரத்தையும் இப்படித்தான் எழுதுவார் என்று வேறு விடுதி பார்ப்பார்.

இப்படி எழுதிப் பாருங்கள்: ‘இன்வெர்ட்டர் பேட்டரி அன்றைக்குப் பழுது, புதன்கிழமை மாற்றிவிட்டோம். போனை எடுக்காதது எங்கள் தப்பு. இப்போது இரவு நேரத்துக்குத் தனி எண் ஒன்றை அறையிலேயே ஒட்டியிருக்கிறோம். குழந்தையோடு சிரமப்பட்டதற்கு மன்னித்துவிடுங்கள்.’ நாலு வரி. பேட்டரியை நிஜமாகவே மாற்றியிருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. இதைப் படிக்கப்போகிறவர் இனி வரப்போகிற நூறு பேர், அவர்களுக்குத்தான் இந்தப் பதில்.

காசு கொடுத்து ஐந்து ஸ்டார் வாங்குவதை ஃபேக் ரெவ்யூ என்பார்கள். போட்டிக் கடைக்கு ஒரு ஸ்டாராக அள்ளிப்போடுவது ரெவ்யூ பாம்பிங். இரண்டுமே நம் சாலையில் நடக்கிறது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐ.எஸ். 19000 என்று ஆன்லைன் ரெவ்யூக்களுக்காகவே ஒரு தரநிலை வெளியிட்டது. எழுதுகிறவர் உண்மையான ஆள்தானா என்று தளங்கள் சரிபார்க்க வேண்டும், காசுக்கு வாங்கிய ரெவ்யூவை வெளியிடக் கூடாது என்கிறது அது. கட்டாயம் என்று ஆக்காமல் தன்விருப்பமாகத்தான் தொடங்கினார்கள், ஆகவே பல் கொஞ்சம் குறைவு. ஆனால் வாசகனுக்குப் பல் இருக்கிறது. ஒரே வாரத்தில் பன்னிரண்டு பேர் ‘அமேசிங் ஸ்டே, மஸ்ட் விசிட்’ என்று எழுதினால் யாரும் ஏமாறுவதில்லை.

இப்போது மறைக்கிற சொற்களுக்கு வருகிறேன். டேக்டவுன் என்றால் நமக்குப் பிடிக்காததை நீக்கச் சொல்வது. அவதூறு என்றால் சட்டம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் நீங்கள் ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதாலேயே தளம் நீக்கியாக வேண்டும் என்று இல்லை. நீதிமன்ற ஆணையோ அரசு அறிவிப்போ வேண்டும் என்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ‘நாங்கள் கூகுளிடம் பேசி நீக்கிவிடுவோம்’ என்று முன்பணம் கேட்பவர் வந்தால் அந்தத் தீர்ப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நீக்கப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்ட்ரைசேண்ட் விளைவு என்று ஒரு பெயர் நிலைத்துவிட்டது. 2003இல் அமெரிக்கப் பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசேண்ட் தன் கடலோர வீடு ஒரு படத்தில் இருக்கிறது என்று 5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அதுவரை அந்தப் படம் இணையத்திலிருந்து இறக்கப்பட்டது ஆறே முறை, அதில் இரண்டு முறை இறக்கியது அவருடைய வக்கீல்களே. வழக்குச் செய்தி வந்தபின் ஒரே மாதத்தில் நாலு லட்சம் பேருக்கு மேல் போய்ப் பார்த்தார்கள். நம் நாட்டு உதாரணம் ஐ.ஐ.பி.எம். என்கிற மேலாண்மைக் கல்வி நிறுவனம். 2013 பிப்ரவரியில் குவாலியர் நீதிமன்ற ஆணையைக் காட்டி 73 இணைய முகவரிகள் முடக்கப்பட்டன. அவற்றில் ஒன்று, அந்த நிறுவனம் பல்கலைக்கழகம் அல்ல என்று யு.ஜி.சி. போட்டிருந்த அறிவிப்பு! அதுவரை அதைப் படித்திராதவர்களெல்லாம் தேடிப்பிடித்துப் படித்தார்கள்.

மறக்கப்படும் உரிமை என்பது இதிலிருந்து வேறு, அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். குற்றவழக்கில் விடுதலையான ஒருவர், தீர்ப்பில் இருக்கிற தன் பெயர் இணையத்தில் தேடினால் வருகிறது, அதை எடுங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் போனார். 2021இல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரண்டு நீதிபதிகள் அமர்வு பெயரை மறைக்கச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. அங்கே ஒரு தனிமனிதரின் பிழைப்பு இருக்கிறது, அவர்மேல் என் அனுதாபம் முழுக்க உண்டு. கெட்டுப்போன மீன்குழம்பைப் பரிமாறிய உணவகம் அந்த வரிசையில் போய் நிற்க முடியாது.

கடைசியாகப் புஷ் டவுன். பிடிக்காத செய்தியை நீக்க முடியாவிட்டால், நல்ல பக்கங்களாக எழுதிக் குவித்து அதைத் தேடலின் இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளுவது. பெரிய பணம் இதில்தான் புரள்கிறது.

மரக்காணத்துக்கு இதைச் செய்யலாமே என்று இங்கே வருவதற்கு முன்னால் ஒருவர் என்னிடம் கேட்டார். 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 14 பேர் செத்தார்கள். நாள்கணக்கில் நாட்டின் செய்தித் தளங்களிலெல்லாம் மரக்காணம் என்ற பெயர் அந்தச் சாவுகளோடு ஒட்டியே வந்தது. ஊர் பெயர் கெட்டுவிட்டது, உப்பு விற்க வேண்டும், சுற்றுலா வர வேண்டும், அதைக் கீழே தள்ளுங்கள் என்கிறார்.

என்னால் முடியாது என்றேன். அந்தச் செய்தி உண்மை. செத்தவர்களுக்குக் குடும்பம் இருக்கிறது. சாராயம் காய்ச்சியவனும் மெத்தனால் விற்றவனும் எவன் என்று நாளைக்கும் யாராவது தேட வேண்டியிருக்கும். ஊர் பெயரால் அதை மூடுவது அவர்களைத்தான் காப்பாற்றும்.

ஆனால் அவர் வருத்தத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. மரக்காணத்தைப் பற்றி அந்த ஒரு செய்தியைத்தான் வெளியுலகம் கேட்டிருக்கிறது என்றால், மற்றதை நாம் சொல்லவில்லை என்று அர்த்தம். பக்கத்தில் இருக்கிற கழுவேலிச் சதுப்புநிலத்தை 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல். வலசை வருகிற பறவையைப் பார்க்கச் சென்னையிலிருந்து வருகிறவனுக்கு எந்த மாதம் வர வேண்டும், எந்தக் கரையில் நிற்க வேண்டும், எங்கே சாப்பிட வேண்டும் என்று தமிழில் ஒழுங்காகச் சொல்ல உங்களைவிட யார் இருக்கிறார்கள்? உப்பு எப்போது விளைகிறது, வடகிழக்குப் பருவமழை வந்தால் அளம் என்ன ஆகிறது, கல்லுப்பு எப்படி வாருகிறார்கள், நேராக வாங்க யாரிடம் கேட்க வேண்டும் என்பதை உப்பளத்தில் நிற்கிறவரே ஒரு போனில் பேசிப் பதிந்து போடலாம். பழைய செய்தி அது பாட்டுக்கு இருக்கட்டும், இதுவும் பக்கத்தில் இருக்கட்டும்.

விலையைப் பற்றி மட்டும் பொய் சொல்லாதீர்கள். மூட்டை விலை தெரிந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே நாற்பது பேர் இருக்கிறீர்கள், கமென்ட்டில் கிழித்துவிடுவீர்கள்.

சரி, கேள்விகளுக்கு வருவோம். முன்வரிசையில் ஒரு ஐயா ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கியபடியே இருக்கிறார். மைக்கை அவரிடம் கொடுங்கள்.